முருங்கை மரத்துப் பெட்டை

எங்கள் புழக்கடைக் கோழிக்கூட்டை நாங்களே கட்டினோம். நான்கு கல்தூண்கள், மேலே தகரம், சுற்றிலும் கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய கம்பிவலை; தரையோ வெறும் மண். கோழி வெளியே போய்விடக் கூடாதே என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. பகை உள்ளே வரக்கூடும் என்று எண்ணினோமில்லை.

ஒருநாள் விடிந்தபின் தவிட்டுச் சட்டியோடு சென்றபோது, சேவலின் குரலே இல்லை. வலைக்கு அடியில் கை நுழையுமளவு ஒரு பள்ளம். 11 கோழிகளில் 7 செத்துக் கிடந்தன. மூன்று, மூலையில் ஒடுங்கி நின்றன. வேலியோரம் கீரியொன்று ஓடி மறைந்தது.

பசிக்கு ஒன்று போதாதா என்று மனம் வெதும்பினோம். பின்னர்தான் விளங்கிற்று. வெளியிலே ஒன்று பிடிபட்டால் மற்றவை சிதறிப் பறந்துவிடும். தப்ப வழியின்றி கண்ணெதிரே சிறகடித்துப் பதறினால் வேட்டை விலங்கு ஓய்வதில்லை. அந்த வழியை அடைத்தவர்கள் நாங்கள்தாம்.

"ஒரு முட்டையில மருந்து வச்சா முடிஞ்சுது அக்கா" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

"அந்த முட்டைய கீரிதான் எடுக்கும்னு யாரு கண்டா, தம்பி?" என்றார் எங்கள் அன்னை. தெருப்பிள்ளைகள் விளையாடும் இடமல்லவா அது! கீரியைக் கொல்வதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. எலியையும் பாம்பையும் அதுதானே எங்களுக்காகப் பிடிக்கிறது?

கூட்டைப் புதிதாக்கினோம். தரைக்குச் சிமெண்டு, சுற்றிலும் அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த வலை, கதவுக்கு இரண்டு கொண்டி. அச்சம் தீராமல் பகலிலும் அடைத்தே வைத்தோம். சில வாரங்களில் அவை ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கலாயின. முதுகில் தோல் தெரிந்தது, முட்டையும் நின்றுபோயிற்று. மண்ணைக் கிளறுவதும், குழிபறித்துப் புழுதியில் புரண்டு செள்ளை உதிர்ப்பதும் கோழிக்கு விளையாட்டல்ல, வாழ்க்கை. பாட்டி காலத்தில் பகலெல்லாம் மேயவிட்டு, இரவில் பஞ்சாரத்தோடு திண்ணைக்குக் கொண்டுவந்து கவிழ்ப்பார்களாம். அந்த அறிவு எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

இப்போது, யாரேனும் ஒருவர் புழக்கடையில் இருக்கும் வேளைகளில் திறந்துவிடுகிறோம். பருந்தின் கண்ணுக்கு மறைவாக வாழையடியில் மேய்கின்றன. வானத்துப் பகைக்கு ஒரு குரல், தரைப் பகைக்கு வேறொரு குரல் என்று கோழிகள் எச்சரிப்பதைக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்தி மயங்குமுன் எண்ணிப் பார்த்து அடைக்கிறோம்.

பதினோராவது கோழியைச் சொல்லவில்லையே! அன்றிரவு கூட்டுக்கு வராமல் முருங்கை மரத்தில் தங்கியதால் பிழைத்த பெட்டை அது. மாலையில் நாங்கள் எண்ணியிருந்தால் தேடிப் பிடித்து உள்ளே அடைத்திருப்போம். கூடு எவ்வளவு உறுதியென்று அதற்கு யார் சொல்வது? இன்றும் மரமேறுகிறது. முருங்கைக் கொப்போ எளிதில் முறிவது, பூனையும் ஏறும். ஆகவே நாள்தோறும் அந்தியில் ஏணி சார்த்தி, இரு கையாலும் அணைத்து இறக்குகிறோம். கொண்டி போட்டபின்பும் வெகுநேரம் உள்ளிருந்து முனகுகிறது.