திறவாத சிப்பி

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் பழக்கம்; காடு புதிது. ஒரு விடுமுறையில் பேரனையும் அழைத்துக்கொண்டு முண்டந்துறைக்குச் சென்றிருந்தோம். நம் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி அந்த மலைகளில்தான் பிறக்கிறது. களக்காடு, முண்டந்துறைக் காடுகள் இணைந்து, 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயின.

புலியைக் காணும் ஆவலோடு போன எங்கள் கண்ணில் பட்டதோ, மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு பெட்டி. அது தானியங்கிக் காமிரா என்று உடன் வந்த வனக்காவலர் விளக்கினார். வெப்பமுள்ள உடல் ஏதேனும் முன்னே அசைந்தால், அதனை உணர்ந்து தானே படமெடுக்கும். நாளையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும். பாதையின் எதிர்ப்புறத்திலும் அத்தகைய பெட்டி ஒன்று இருந்தது. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இரா. ஒரே புலியிலும் இடப்பக்க வரிகள் வலப்பக்கத்தில் இரா. ஆகவே இருபுறமும் படமெடுத்தால்தான் ஒரே புலியை இருமுறை எண்ணும் பிழை நேராது.

"அப்படின்னா புலியே தன்னைப் படம் எடுத்துக்குதா, தாத்தா?" என்றான் பேரன்.

உண்மைதான். வேட்டையாடுவதே பெருமையென எண்ணப்பட்ட 1920களில், வட இந்தியக் காடுகளில் பணியாற்றிய வன அதிகாரி சாம்பியன், பாதையில் கம்பி கட்டி, புலியின் காலே காமிராவை இயக்கும்படி செய்தார். 1990களில் உல்லாஸ் காரந்த், கர்நாடகத்தின் நாகர்ஹோளே காட்டில், வரிகளைக் கொண்டு புலிகளைக் கணக்கிடும் முறையை வளர்த்தார். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அவற்றுள் புலியின் படங்கள் 76,651 மட்டுமே.

இந்தக் கணக்கு எங்கள் தந்தையாரை நினைவூட்டியது. 1961ஆம் ஆண்டுச் சலாபத்தில் முத்துக்குளித்தவர் அவர். ஆயிரம் சிப்பி திறந்தாலும் நல்முத்து ஒன்று அகப்படுவது அரிது என்பார். சலாபத்துக்கு முன் பாரின் வளத்தை அறிவதற்கும் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்து, கழுவித்தான் முத்துகளை மதிப்பிட்டார்கள். அறிவதற்கே உயிரை எடுக்க வேண்டியிருந்தது. திறந்த சிப்பி கடலுக்குத் திரும்புவதில்லை. பார்கள் வளம் குன்றியதற்குக் காரணங்கள் பல கூறுவர். ஆயினும் அந்த ஆண்டுக்குப் பின் நம் கடலில் சலாபம் நடைபெறவில்லை. "அடுத்த சலாபம் எப்போது?" என்று தந்தையார் தம் இறுதிக்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். விடை சொல்ல எங்களால் இயலவில்லை.

காட்டிலோ, புலி தன் வழியே போய்விடுகிறது; அதன் கணக்கு மட்டும் நம்மிடம் தங்குகிறது. அறிய விரும்பியதை அழிக்காமலேயே அறியும் இந்தப் பொறுமையை நாம் காலந்தாழ்ந்தே கற்றிருக்கிறோம். அந்தக் காடு நிலைத்தால்தான் ஆறு நிலைக்கும். தூத்துக்குடியின் குடங்களில் நிறைவது அந்த ஆற்றின் நீரே அன்றோ?

அன்று நாங்கள் புலியைக் காணவில்லை. பேரனுக்கு அதில் வருத்தந்தான். ஊர் திரும்பிய மறுநாள் மாலை, கடலோரத்தில் உயிருள்ள சிறு சங்கு ஒன்று அவன் கையில் அகப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பான் என எதிர்பார்த்தோம். அவனோ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முழங்காலளவு நீரில் இறங்கி, அதை விட்டுவிட்டு வந்தான்.