குற்றாலத்திலிருந்து நெற்கட்டான்செவலுக்கு

குற்றாலம் வருவோரில் பெரும்பாலோர் அருவியில் நீராடி, தென்காசிக் கோபுரத்தைத் தரிசித்து ஊர் திரும்பிவிடுகின்றனர். சென்ற சாரற்காலத்தில் நாம் மோட்டாரை வடக்கே செலுத்தினோம். மேற்கு மலைத்தொடர் இடப்புறம் துணைவர, கடையநல்லூர், புளியங்குடி கடந்து, வாசுதேவநல்லூர்ப் பக்கம் கிழக்கே திரும்பினால் நெற்கட்டான்செவல்.

1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் படையுடன் வந்து கப்பம் கேட்க, பூலித்தேவர் மறுத்து நின்றது இவ்வூரில்தான். மண்கோட்டையைத் தகர்க்கப் பெரும் பீரங்கிகள் இன்றி ஹெரான் திரும்பிச் சென்றான். 1761-இல் கும்பினிக்காக யூசுப்கான் கோட்டையைக் கைப்பற்றினான். 1764-இல் அவனும் மதுரையில் தூக்கிலிடப்பட்டான்.

இன்று அங்கே அரசாங்கம் எழுப்பிய நினைவு மாளிகை நிற்கிறது. உடன் வந்த மாணவன், “சார், 1857-தானே முதல் போர் என்றீர்கள்?” என்றான். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அவ்வாறே கற்பித்த நமக்கு நாணம் உண்டாயிற்று. இங்கு நடந்தது அதற்கு 102 ஆண்டு முந்தியதன்றோ?

அன்பர்களே, அடுத்த முறை அருவிக்கு வருங்கால் ஓர் அரைநாளை இம்மண்ணுக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்.