அரியணை கவிழ்ந்தது, கட்டு அவிழ்ந்ததா?

இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் சீனத்தை ஆண்ட மஞ்சு மன்னர் பரம்பரையை மறைமுகச் சங்கங்கள் வீழ்த்திய வரலாற்றை ஓரிரவு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னேன் என்பதைவிட, முழங்கினேன் என்பதே பொருந்தும்!

1894-இல் ஹோனலூலுவில் சன் யாட்-சென் தொடங்கிய சிறு சங்கம். 1905-இல் டோக்கியோவில் பல குழுக்கள் இணைந்து உருவான துங்மெங்ஹுயி. எழுச்சி, தோல்வி, மீண்டும் எழுச்சி. 1911 அக்டோபர் 10-இல் வூச்சாங்கில் வெடித்த படைவீரர் புரட்சி. 1912 பிப்ரவரி 12-இல், ஆறு வயதுப் பேரரசன் பூயியின் பெயரால் வெளியான முடிதுறப்பு அறிக்கை — அனைத்தையும் அடுக்கினேன்.

வீராங்கனை சியூ சின்னையும் மறந்தேனில்லை. இளமையில் இறுகக் கட்டப்பட்ட கால்களின் கட்டை அவிழ்த்தெறிந்தவர், 1904-இல் கணவனின் இல்லம் துறந்து ஜப்பான் சென்று கற்றவர், துங்மெங்ஹுயியில் சேர்ந்தவர், ஷாங்காயில் பெண்களுக்கென இதழ் நடத்தியவர். 1907 ஜூலை 15-இல், ஷாவோசிங் நகரில், அவர் தலையை வெட்டிச் சாய்த்தது மன்னராட்சி.

அக்கா அமைதியாகக் கேட்டார்: "தம்பி, அரசன் போன பிறகு அந்தப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தார்களா?"

வாயடைத்துப் போனேன். நூல்களைப் புரட்டினேன். தலை குனிந்தேன்.

1912 மார்ச்சில் துங்மெங்ஹுயி வெளியிட்ட கொள்கைத் திட்டத்தில் ஆண்-பெண் சமத்துவம் இருந்தது. ஆகஸ்டில், வேறு சிறு கட்சிகளோடு இணைந்து அது கோமின்டாங் ஆயிற்று. இணைப்புக்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? சமத்துவம் என்ற அந்த ஒரு வரி! கொதித்தெழுந்தார், சங்கத்தின் பழைய உறுப்பினரான தாங் சுன்யிங். பீக்கிங் மாநாட்டில், இணைப்பை முன்னின்று நடத்திய சுங் ஜியாவ்ரெனின் கன்னத்தில் அறைந்தார். களத்தில் எங்கள் குருதி வேண்டும், அவையில் எங்கள் குரல் வேண்டாமோ என்பதன்றி, அந்த அறைக்கு வேறென்ன பொருள்?

சுங், முடியாட்சியை எதிர்த்த மாவீரர்தான். ஆயினும் நெருக்கடி வந்தபோது, முதலில் விட்டுக்கொடுக்கத் தக்கதாக அவருக்குத் தோன்றியது பெண்ணின் உரிமையே. பகைவன் பறித்ததல்ல அது, தோழன் பறித்தது!

விடையைச் சொல்ல மறுநாள் இரவு அக்காவைத் தேடினேன். நான் உண்டெழுந்த தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார் அவர்.

பீக்கிங் அரண்மனையின் அரியணை என்றோ கவிழ்ந்தது. இந்த அடுக்களைக்கு வெளியே ஓர் அரியணை இருக்கிறதே, அதில் வீற்றிருப்பவன் நானல்லவா?

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. தட்டை வாங்கிக் கழுவினேன்.