குளமும் கேமராவும் ஒரு வரியும்

ட்ரோன் படங்களைக் கோத்து வரைபடம் போடும் மென்பொருள்ல, காசு கொடுத்து வாங்குறது நல்லதா, ஓப்பன்சோர்ஸ் நல்லதான்னு கேக்கிறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. உங்க கேமராவை அதுக்குத் தெரியுமா?

குவியத் தொலைவு படத்துக்குள்ளயே பதிவாகியிருக்கும். சென்சாரோட அகலம் பெரும்பாலும் இருக்காது. அதை மென்பொருள் தன் பட்டியல்ல தேடும். 8.8 மி.மீ. குவியத் தொலைவு, 13.2 மி.மீ. சென்சார், 5472 பிக்சல் அகலம்னா, கணக்கு 3648 பிக்சல்ல தொடங்கும். பட்டியல்ல இல்லேன்னா? ஓப்பன்ட்ரோன்மேப் உள்ளே இருக்கும் ஓப்பன்எஸ்எஃப்எம், அகலத்துல 0.85 பங்குன்னு ஒரு ஊகத்துல தொடங்கும். அதாவது 4651! அப்புறம் படங்களை ஒப்பிட்டுத் தானே திருத்திக்கும்தான். ஆனா தட்டையான தரையை நேர் கீழே பார்த்தே எடுத்திருந்தா, லென்ஸோட வளைவு எது, தரையோட வளைவு எதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது.

பாளையங்கால்வாய்ல தண்ணி வாங்குற ஒரு குளத்தைக் கோடையில நானும் நண்பரும் படம் எடுத்தோம். வரைபடத்தைப் பார்த்த அண்ணாச்சி ஒருத்தர், "என்னவே, சட்டி மாதிரி குழிஞ்சு கெடக்கு? நாங்க கிரிக்கெட் ஆடுன இடம்லா, பலகை மாதிரில்லா இருக்கும்!"ன்னார். அவர் சொன்னதுதான் சரி :-)

சிரிச்சுட்டு விடற விஷயமில்ல. ஒரு ஹெக்டேர்ல 10 செ.மீ. தப்புன்னா 1000 கன மீட்டர் மண். தூர்வாரும் கணக்குல அது காசு.

பிக்ஸ்4டி, மெட்டாஷேப் மாதிரி மென்பொருள்ல பிரபலமான கேமராக்களுக்குத் தலைவலி குறைவு. நியாயமா சொல்லணும்னா, தெரியாத கேமராவுக்கு அங்கேயும் நாமே எண்களைக் கொடுக்கலாம். ஆனா அது நம்ம கணினியோட நின்னுடும். பட்டியல் கம்பெனி கையில. ஓப்பன்ட்ரோன்மேப்ல அந்தப் பட்டியல் யாரும் திறந்து பார்க்கிற வெறும் எழுத்துக் கோப்பு. நீங்க ஒரு வரி சேர்த்து அனுப்பி, அவங்க ஏத்துக்கிட்டா, அம்பாசமுத்திரத்துல அதே கேமரா வெச்சிருக்கிறவருக்கும் போய்ச் சேரும்.

2022 பிப்ரவரியில வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டதுக்கப்புறம் இது இன்னும் முக்கியம். உள்நாட்டுல கோத்த ட்ரோன்ல என்ன கேமரா மாட்டியிருக்காங்கன்னு வெளிநாட்டுக் கம்பெனி தேடி வந்து பார்க்குமா?

அதனால புது கேமரா வாங்கினா மூணு வேலை செய்யுங்க. சென்சார் அகலத்தைக் கேட்டு வாங்குங்க. கொஞ்சம் படங்களைச் சாய்வாவும் எடுங்க. தரையில நாலஞ்சு இடத்தை அளந்து வையுங்க. முடிஞ்சா அந்த ஒரு வரியையும் அனுப்பிடுங்க, புண்ணியமா போகும்.