மகள் கையில் ஒரு காணி

என் இளைய மகள் போனில் ‘ஸ்டார்டியூ வேலி’ என்றொரு கமம் செய்யும் விளையாட்டு விளையாடுகிறாள். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்கு வருடங்களுக்கு மேல் தனியாளாக உருவாக்கி, 2016இல் வெளியிட்டது. பாட்டனார் விட்டுப்போன கடிதத்தில் பேரப்பிள்ளைக்குக் காணி உறுதி இருக்கிறது. பிள்ளை பெண்ணானாலும் காணி அவளுக்குத்தான். கல் பொறுக்குகிறாள், கொத்துகிறாள், விதைக்கிறாள். ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினால் பெரும்பாலான பயிர்கள் செத்துவிடும். வேலை முடிந்தால் காடு, கடற்கரை, சுரங்கம் என்று தனியே சுற்றலாம். சுரங்கத்தில் பூதங்கள் உண்டாம். சோதனைச் சாவடி இல்லை.

1990களில் எங்கள் வட்டைக்கு ஆண்களே பயந்து பயந்துதான் போனார்கள். விளைந்த நெல்லை வெட்டப் போகமுடியாத போகமும் உண்டு. அந்தப் பயம் போய்விட்டது. பத்திரத்தின் கதை வேறு.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிக்காரர் பின்னுரித்தாளரின் பெயரைப் பதியாமல் மௌத்தானால், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுந்தான். பிறகு மகன்மாருக்கே முதலிடம். மகள் மூத்தவளானாலும் பின்னால்தான். 2022இல் வந்த திருத்தச் சட்டமே இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. ஆனாலும் பெயரைப் பதிந்துவைப்பதுதான் வழக்கில்லாத வழி.

சகோதரிகளே, நம் பக்கத்தில் சீதன வீட்டின் உறுதியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வயல் பத்திரத்தை எத்தனை பேர் விரித்துப் பார்த்திருக்கிறோம்? எங்கள் வாப்பாவின் பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் எழுதும் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வாப்பா ஹயாத்தோடு இருக்கிறார். வருகிற கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போகிறோம்.