வாசற்படியில் நின்ற நெருப்பு

பாறைகளின் நடுவே வாழ்கிறவர்கள் நாம். தர்மபுரி மாவட்டத்தில் ஏர் முனை கல்லில் முட்டும். கிணறு தோண்டினாலும் கல்லே எதிர்ப்படும். ஒகேனக்கல் பகுதியில், பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து இறுகிய கார்பனடைட் என்னும் அரிய பாறை உண்டு. அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்பர் நிலவியலார். பாறை இன்றும் பிறந்துகொண்டிருக்கும் இடமொன்றை, இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் தீவில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

பிரான்சு நாட்டின் ஆளுகைக்குட்பட்ட அத்தீவு தமிழருக்கு அயலானதன்று. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். 'மலபார்' என அழைக்கப்படும் அவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் தாய்மொழியை இழந்துவிட்டனர். திருமுழுக்குப் பெற்றவர்கள் பலர். முன்னோரின் வழிபாட்டைக் கைவிடாதவர்களும் பலர்.

அங்குள்ள எரிமலையின் பெயருக்கு 'உலைச் சிகரம்' என்பது பொருள். உயரம் 2,632 மீட்டர். எரிமலை அடங்கியிருக்கும் நாள்களில் மக்கள் திரளாக நடந்து செல்கின்றனர். பெல்கோம்ப் கணவாயிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், கண்ணுக்கெட்டிய மட்டும் கருங்குழம்பு உறைந்த வெளி. மரமில்லை, நிழலில்லை. பாறைமேல் இட்ட வெள்ளைப் புள்ளிகளே வழிகாட்டி. மூடுபனி இறங்கினால் அடுத்த புள்ளியைக் கண்டபின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். வழியில் குகைபோன்று குடைந்து நிற்கும் எரிகுழம்புப் பாறையொன்றை 'ரோஸ்மோன் சிற்றாலயம்' என்கின்றனர். மூச்சிரைக்க உச்சியை அடைந்தால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகன்ற பெருவாய். 2007 ஏப்ரலில் அதன் அடித்தளம் சுமார் 300 மீட்டர் உள்வாங்கியதாம். எலியா இறைவாக்கினர் காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவரைக் காணாமல், மெல்லிய ஒலியில் கண்டதை அவ்விளிம்பில் நினைந்தோம்.

தீவின் கிழக்குக் கரையில் ஓர் ஆலயம் உண்டு. 1977 ஏப்ரலில் எரிகுழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. ஆலயத்தை நெருங்கியதும் இருபுறமும் பிரிந்து சென்றது. வாசலில் சிறிதே நுழைந்து நின்றுவிட்டது. மக்கள் முன்னரே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு இல்லை. இன்று அது 'எரிகுழம்பின் அன்னை' ஆலயம். உறைந்த கருங்கல்லைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே சென்றோம்.

ஊர் திரும்பி ஒரு ஞாயிறு மறையுரையில் இதனைக் கூறினோம். திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் வந்தார். அவ்வாண்டுக் கோடையில் கூரைவீடு எரிந்து, பள்ளி செல்லும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பறிகொடுத்தவர். "கோயிலச் சுத்திப் போன நெருப்பு, ஏன் சாமி வீட்டச் சுத்திப் போவல?" என்றார். கோபத்தோடு கேட்கவில்லை, அறியவேண்டிக் கேட்டார்.

குருமடத்தில் தீமையின் மறைபொருள் பற்றிப் பயின்றோம். அப்பாடங்கள் பொய்யல்ல, ஆயினும் எரிந்த வீட்டுக்காரியிடம் எடுத்துரைக்கத் தக்கவையும் அல்ல. நெருப்பு ஏன் விலகியது என்பதை இறைவன் அறிவார். எஞ்சி நிற்கும் ஆலயம் எதற்காக என்பதையோ நாம் அறிவோம். அது பக்திக்குக் கிடைத்த வெகுமதியன்று. வீடிழந்தோரை நோக்கித் திறந்திருக்க வேண்டிய கதவு.

அவர் வினாவைப் பங்குப் பேரவையின் முன் அப்படியே வைத்தோம். வாதங்கள் நீண்டன. இறுதியில், திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்தைக் கைவிட இறைமக்களே முன்வந்தனர். அவ்வாண்டுத் தேர் மெழுகுவர்த்தி ஒளியில் வலம் வந்தது. அது கடந்து சென்ற தெருவில், அத்தாயின் வீட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது.