மூச்சை அடக்காதே!

எனக்கு நீந்தத் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே குலதெய்வத்துக்கு வேண்டிக் கொள்கிற ரகம் நான். என்னுடைய பத்து வயதுப் பெண், "அப்பா, கடலுக்கு அடியில் போகக் கற்றுக் கொள்ளப் போகிறேன்" என்றால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

எல்லாம் தாரகை ஆராதனாவால் வந்தது. கடலடிக் குப்பையை அள்ளி வரும் அந்தச் சென்னைச் சிறுமி, 2022-இல் கோவளத்திலிருந்து நீலாங்கரை வரை கடலில் நீந்தியவள். "அவள் அப்பா ஸ்கூபா ஆசிரியர், உன் அப்பா வெறும் பத்திரிகைக்காரன்" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. "பக்கத்துப் பழவேற்காடு ஏரி போதாதா?" என்றேன். "அங்கே பாதி இடத்தில் என் இடுப்பளவு தண்ணீர்தான்!" என்றாள்.

நீச்சல் குளத்தில் பயிற்சி முடிந்து, ஒரு ஞாயிறன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து இருட்டோடு கிளம்பிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம். கூடவே லண்டனிலிருந்து வந்திருந்த மைத்துனனும், அவன் கொண்டு வந்த 'மார்மைட்' பாட்டிலும். ரொட்டியில் தடவிக் கொள்ளும் வஸ்து அது. நிறமும் பிசுக்கும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பேரிங்குக்குப் போடும் கிரீஸேதான்! பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து 1902 முதல் செய்கிறார்களாம். என் மனைவி மூக்கைப் பொத்திக் கொண்டு, தன் பருப்புத் துவையல் தடவிய ரொட்டிப் பொட்டலத்தை முன்னே நகர்த்தினாள்.

"லேசாக நினைக்காதே, அக்கா! லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மாள் பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகையை இதைக் கொடுத்துத்தான் குணப்படுத்தினார். 1931-இல் எழுதியே வைத்திருக்கிறார்."

"எனக்குச் சோகை வரட்டும், அப்போது சாப்பிடுகிறேன்."

படகு நின்றது. "பத்து வயதுக்கு 12 மீட்டர்தான் எல்லை. காது வலித்தால் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஊது. மூச்சை மட்டும் அடக்காதே!" என்றார் ஆசிரியர். மேலே ஏற ஏற நுரையீரலில் உள்ள காற்று விரியுமாம். அடக்கினால் நுரையீரலே கிழிந்து விடுமாம். இதை அவர் என் காதில் விழாமல் சொல்லியிருக்கலாம்.

குழந்தை ஆசிரியரோடு இறங்கினாள். குமிழி வந்தால் மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். நான் குமிழிகளை எண்ணிக் கொண்டிருந்தேன். ஓர் அலை அடித்தது, குமிழிகளைக் காணோம்! படகின் இந்தப் பக்கம் பார்க்கிறேன், அந்தப் பக்கம் பார்க்கிறேன். கடல் வெறுமனே பளபளக்கிறது.

"அதோ!" என்றாள் மனைவி. "நீங்கள் முதலில் மூச்சு விடுங்கள்."

அரைமணி கழித்துத் தலை தெரிந்தது. "காது வலித்தது அப்பா. கையை ஆட்டிக் காட்டினேன். கொஞ்சம் மேலே வந்து ஊதினேன், சரியாகி விட்டது" என்றாள், ஏதோ செருப்பு வார் அறுந்த கதை போல. என்னைக் கூப்பிடாமலே அவள் ஒரு பயத்தைத் தீர்த்துக் கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று இன்னும் தெரியவில்லை.

அதற்குள் அவளுக்குப் பசி. உப்புத் தண்ணீர் குடித்த நாக்குக்கு எதுவும் கரிக்காது போலிருக்கிறது. துவையல் ரொட்டியின் மேலேயே மார்மைட்டைத் தடவி, "ரொம்ப ஜோர், மாமா!" என்றாள்.

என் மனைவி திண்டிவனம் வரும்வரை யாரோடும் பேசவில்லை.